குறையாத போத்தல்

மலை ஏறப் போகிறோம் என்று மகள் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தாலியின் பலேர்மோ நகரத்து ஓரத்தில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலைப் பார்த்த ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தோம். எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு அன்று. மட்டி போட்ட ஸ்பகெத்தி ஆவி பறக்க மேசைக்கு வந்த நேரத்தில், அவள் தன் போனைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினாள். பச்சை மலை, அதன் முதுகில் கூரையில்லாத கல் வீடுகள். பெரு நாட்டில் இன்காக்கள் கட்டிய பழைய நகரமாம். அவள் வேலை செய்யும் பயண முகவர் கடையிலிருந்து ஒரு குழு போகிறதாம். நாலு நாள் மலைநடை, வழிகாட்டி கூட வருவார், எங்கள் இருவருக்கும் இடம் போட்டாயிற்று என்றாள்.

இடிந்த வீடு பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா, நாங்கள் இருக்கும் போர்கோ வெக்கியோவில் கதவைத் திறந்தாலே தெரிகிறதே என்று கேட்டேன். மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருடம், நான் வேலை செய்யும் வழக்கறிஞர் வீட்டில் ஏணியில் நின்று யன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது இடது தோள் இறுகியது. இறங்கி நிலத்தில் இருந்தவன் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய்க்குள் ஒரு சின்னக் கம்பி வலையை வைத்து அனுப்பினார்கள். பல மாதம் கழித்து, உடம்பெல்லாம் வயர் ஒட்டி, ஓடும் பட்டியில் ஓடவிட்டுப் பார்த்த டொக்டர், இனி நீ மலைகூட ஏறலாம் என்று தோளில் தட்டினார். ஆறுதலுக்குச் சொன்ன அந்தப் பேச்சை என் மகள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவரிடமே திரும்பப் போய், எந்த மலை, எவ்வளவு உயரம் என்று விளக்கி, சரி என்று சொல்லவைத்துக்கொண்டு வந்திருந்தாள். அப்பா நோயாளி இல்லை என்பதை அப்பாவுக்கே காட்டிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். பிள்ளையில் பிழை சொல்ல முடியாது. எனக்குத்தான் பயம். பயத்தைக் காட்டத் தெரியாததால் கோபத்தைக் காட்டினேன்.

மனைவி வேண்டாம் என்று சொல்லுவாள், அந்தச் சாட்டில் நானும் தப்பலாம் என்று காத்திருந்தேன். அவளோ ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. தான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் கிழட்டு இத்தாலிய அம்மாவிடம், சின்யோராவிடம், விடுமுறை கேட்டு, தன் இடத்துக்குத் தங்கச்சியை ஒழுங்கு செய்து, ஒரு சனிக்கிழமை புதுச் சப்பாத்தும் வாங்கி வந்துவிட்டாள். இனி என்ன செய்வது? ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் பயிற்சிக்கு என்று இருவரும் மலை ஏறத் தொடங்கினோம்.

பலேர்மோவில் எங்கள் தமிழ் ஆட்களுக்கு மலை என்றால் மொன்தே பெல்லெக்ரினோதான். அதன் மேலே ஒரு குகைக்குள் இந்த ஊரின் பாதுகாவலியான புனிதை இருக்கிறார். என் மனைவி அவரை மலையம்மா என்பாள். மன்னார்க்காரி அவள். மடுமாதாவுக்கு வைத்திருந்த நம்பிக்கையில் பாதியை இங்கே வந்ததும் இவருக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாள். செப்டெம்பரில் திருநாளுக்கு ஊரே அந்த மலையில் ஏறும். எங்களில் வேதக்காரர், சைவக்காரர் என்று பார்க்காமல் எல்லோரும் ஏறுவோம். பலர் வெறுங்கால். என் மனைவியின் வீட்டு வழக்கம் இன்னும் கொஞ்சம் கடுமையானது. நேர்த்திக்கடன் வைத்து ஏறுகிற நாளில், கண் விழித்ததிலிருந்து மேலே போய்ச் சேரும் வரை நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. என்ன நேர்த்தி, யாருக்காக என்று யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, சொன்னால் பலிக்காது. பாதி வழியில் திரும்பினாலோ, யாருக்காக வைத்தாளோ அவர் தலையில்தான் விடியும்.

எனக்கு இதிலெல்லாம் பிடிப்பு இல்லை. யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் கோயில் மணிச் சத்தத்துக்குள் வளர்ந்தும் எப்படியோ தப்பிவிட்டேன். செப்டெம்பர் ஏற்றத்தில் அவளுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டு மடக்கு மடக்கென்று தண்ணீர் குடித்துக் காட்டுவேன். பலேர்மோவில் குழாயில் தண்ணீர் வராத வீடுகளையே மலையம்மா இன்னும் பார்த்து முடிக்கவில்லை, உமது தாகத்தைப் பார்க்க அவருக்கு எங்கே நேரம் என்று கேட்பேன். முறைத்துவிட்டு நடப்பாள். அது ஒரு மணித்தியால ஏற்றம், கடல் காற்று வேறு. ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது.

பெருவில் கால் வைத்த முதல் நாளே அது வேறு மலை என்று தெரிந்துவிட்டது. குஸ்கோ நகரத்தில் விடுதியின் மாடிப்படி ஏறியதற்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. உடம்பு பழக வேண்டும் என்று அங்கே சில நாட்கள் வைத்திருந்தார்கள். கோக்கா இலை போட்ட தேத்தண்ணி குடித்து, மெதுவாக நடந்து, நேரத்துக்குப் படுத்தோம். குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் பலேர்மோவில் ஓய்வு பெற்ற ஆட்கள். ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, நீங்கள் யாருடன் வந்தவர்கள் என்று கேட்டார். யாரோ ஒரு வீட்டுக்காரர் வேலைக்காரரைக் கூட்டி வந்திருக்கிறார் என்று நினைத்திருக்கிறார். மகளோடு, ஆனால் அவள் வரவில்லை என்றேன். அவர் அதை யோசித்துக்கொண்டு போனார். ஒரு மருந்துக்கடைச் சின்யோரா மட்டும் முதல் நாளிலிருந்தே எங்களுடன் சகஜமாகப் பழகினார்.

வழிகாட்டி ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், அந்தப் பள்ளத்தாக்குக்காரி. அவள் ஸ்பானியத்தில் மெதுவாகச் சொல்ல, நாங்கள் இத்தாலியத்தில் விளங்கிக்கொண்டோம். நடக்கத் தொடங்குமுன் எல்லோரையும் நிறுத்திச் சொன்னது இவ்வளவுதான்: தாகம் வருமுன் குடியுங்கள்; தலை இடித்தால் சொல்லுங்கள்; வெட்கத்தால் ஒளிப்பவர்தான் இந்த மலையில் சாகிறார். அதைக் கேட்டு நான் என் நெஞ்சைத் தடவிக்கொண்டேன். அவ்வளவு ஆட்களில் சாகக்கூடியவன் நான் ஒருவன்தான் என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

முதல் நாள் நடை சுகமாகவே போனது. ஆற்றோரமாக, கள்ளிச் செடிகளுக்கு நடுவே பாதை. மத்தியானத்துக்குப் பிறகு ஒரு மேட்டில் ஏறி நின்றபோது, கீழே ஆறு வளையும் இடத்தில் இன்காக்களின் ஊர் ஒன்று வெளிச்சத்தில் கிடந்தது. வளைந்து வளைந்து இறங்கும் கல் தட்டுகள். அவற்றுக்கு மேலே சுவர்கள் மட்டும் நிற்கும் வீடுகள். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். கால் நூற்றாண்டாக மற்றவர்களின் வீட்டைக் கூட்டித் துடைத்தவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, இதை யார் கூட்டுகிறார்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். இவ்வளவு காலத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி என்று சிரித்தாள். புல்லைச் செதுக்கி, கல்லிடுக்குகளில் முளைப்பதைப் பிடுங்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். எனக்கு அந்த ஊர் அப்போதுதான் பிடித்தது.

மாலையில் ஒரு சின்ன மலைக்கிராமத்தில் தங்க வந்தபோது வேறொரு சங்கடம். சுமைகாரர்கள் எங்களுக்கு முன்பே ஓடி வந்து கூடாரம் அடித்து, சமைத்து, முகம் கழுவச் சுடுதண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். என் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் எழும்பிப் போய், ஓடைக்கரையில் குந்தியிருந்து கோப்பை கழுவத் தொடங்கிவிட்டாள். சமையல்காரர் பதறிப்போய் அவள் கையிலிருந்து பறித்தார். இவள் விடவில்லை. நான் போய்க் கையைப் பிடித்துத்தான் கூட்டி வந்தேன். கை பனிபோல் குளிர்ந்திருந்தது.

"இருந்த இடத்தில வாங்கித் திண்டால் தொண்டைக்குள்ள இறங்குதில்லையப்பா" என்றாள்.

அப்படிச் சொல்லும்போது நெற்றியை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். தலை இடிக்கிறதா என்று கேட்டேன். வெயில் என்றாள்.

மறுநாள்தான் பெரிய ஏற்றம். நாலாயிரம் மீற்றருக்கு மேலே ஒரு கணவாய். அதைத் தாண்டினால் மற்றதெல்லாம் அவ்வளவு கஷ்டமில்லையாம். சாப்பாட்டுக் கூடாரத்தில் வழிகாட்டி அதன் பெயரைச் சொன்னாள். இறந்த பெண்ணின் கணவாய். கீழேயிருந்து பார்த்தால் மலைமுகடு ஒரு பெண் மல்லாந்து கிடப்பதுபோல் தெரியுமாம், அதனால் வந்த பெயர். ஸ்பானியமும் இத்தாலியமும் கிட்டக் கிட்ட இருப்பதில் வரும் தொல்லை இது. ஒரு சொல்லும் தப்பாமல் விளங்கிற்று. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

விடியப்புறம் கூடார வாசலில் தேத்தண்ணி வந்தது. தனக்கு வயிறு சரியில்லை என்று அவளுடையதையும் எனக்கே தந்தாள். குளிருக்கு இதமாக இருந்தது, இரண்டையும் குடித்தேன். நடக்கத் தொடங்கியதிலிருந்து அவள் எனக்குப் பின்னால்தான் வந்தாள். முன்னுக்கு வாரும் என்றால் வரமாட்டாள். நான் நின்றால் நிற்பாள், நடந்தால் நடப்பாள். மூச்சு எப்படி, தோள் இறுகுதா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒரு கட்டத்தில் எரிச்சல் வந்து, என்னைக் காவல் காக்கவா வந்தீர், மலையைப் பாரும் என்று விழுந்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

பாசி பிடித்த மரங்களுக்குள்ளால் கல் படிகள் போய்க்கொண்டே இருந்தன. மரங்கள் முடிந்து வெறும் புல்வெளி வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது, காற்று குளிராக வெட்டியது. மருந்துக்கடைச் சின்யோரா என் மனைவியின் முகத்தைப் பார்த்து, உயரத்துக்கான குளிகை ஒன்றைக் கொடுத்தார். அவள் கிராத்சியே என்று நன்றி சொல்லி வாங்கி வாயருகே கொண்டுபோனாள். பிறகு அவள் கை காற்சட்டைப் பைக்குள் போனதைக் கண்டேன். கண்டும் அதைப்பற்றி யோசிக்கவில்லை. என் கவனமெல்லாம் என் நெஞ்சில் இருந்தது.

கணவாய் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில்தான் அவள் ஒரு கல்லுக்குப் பின்னால் போய்க் குமட்டிச் சத்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது நேராக வரவில்லை. குடித்து வெறித்தவர்கள் நடப்பதுபோல் பக்கவாட்டில் இழுபட்டு வந்தாள். வழிகாட்டி ஓடிவந்து அவள் விரலில் ஒட்சிசன் அளக்கும் ஒரு சின்னக் கருவியை மாட்டினாள். அதைப் பார்த்ததும் வழிகாட்டியின் முகம் மாறியது. பாதையில் தடியால் ஒரு கோடு கீறி, ஒரு காலின் குதியும் மற்றக் காலின் விரலும் முட்ட முட்ட அந்தக் கோட்டில் நடக்கச் சொன்னாள். என் மனைவி இரண்டாவது அடியில் சரிந்தாள். நான் பிடித்திராவிட்டால் கல்லில் தலை அடிபட்டிருக்கும்.

தண்ணீர் கொடுங்கள் என்றாள் வழிகாட்டி. மனைவி தன் போத்தலைத் தானே எடுத்து வாயில் வைத்தாள். நான் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. போத்தலைப் பிடுங்கினேன், கையில் கனத்தது. காலையில் சுமைகாரர் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் கழுத்துவரை அப்படியே நின்றது. அவள் உதட்டைப் பார்த்தேன், வெள்ளையாக வெடித்திருந்தது. அந்த உதட்டை எனக்குத் தெரியும். ஒவ்வொரு செப்டெம்பரும் பார்க்கிற உதடு.

"நேர்த்தியோ?" என்று கேட்டேன்.

அவள் போத்தலைத் திருப்பித் தரச் சொல்லிக் கை நீட்டினாள்.

"ஆருக்கு?"

அவள் பார்வை என் நெஞ்சுக்குப் போய் நின்றது. சொல்லக் கூடாது என்ற விதியை அவள் மீறவில்லை, கண்தான் மீறிவிட்டது.

எனக்குக் கண்மண் தெரியாத ஆத்திரம் வந்தது. அந்த மலைச்சரிவில் நின்று கத்தினேன். விசரியா நீர், இது பெல்லெக்ரினோவா, மேலே போய் ஐஸ்கிறீம் குடித்துவிட்டு பஸ்ஸில் இறங்குகிற மலையா என்றெல்லாம் கத்தினேன். பலேர்மோக்காரர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். வழிகாட்டி என் கையைப் பிடித்து என்ன விஷயம் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில், இவள் தன் புனிதைக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாள், கணவாயைத் தாண்டும் வரை தண்ணீர் குடிக்கமாட்டாள், எனக்காக என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: இப்போது தண்ணீர் மட்டும் போதாது. மூளை வீங்கத் தொடங்கியிருக்கிறது. இதற்கு மருந்து ஒன்றுதான், இறங்குவது. உடனே இறங்க வேண்டும். பிந்தினால் இவர் இங்கேயே போய்விடுவார்.

உதவி வழிகாட்டியையும் பலசாலிகளான இரண்டு சுமைகாரரையும் கூப்பிட்டாள். ஒருவர் போர்வையை விரித்து முதுகில் கட்டத் தயாரானார். என் மனைவிக்கு அதைக் கண்டதும் எங்கிருந்தோ பலம் வந்தது. பாதையோரப் புல்லை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"நான் இறங்கமாட்டன்" என்றாள். நாக்குத் தடித்துச் சொற்கள் குழறின. "தாண்டாமல் இறங்கமாட்டன்."

இழுத்துப் பார்த்தார்கள். உதைத்தாள். அந்தச் செங்குத்துப் படிகளில் உதைக்கிற ஆளை முதுகில் கட்டி இறங்கினால் தூக்குபவரும் சேர்ந்து விழுவார் என்று வழிகாட்டி நிறுத்தினாள். நான் கெஞ்சினேன். மகளைச் சொல்லிக் கெஞ்சினேன். எனக்கு ஒன்றும் ஆகாது, இதெல்லாம் பொய், நான் நம்பவில்லை என்று காதருகே குனிந்து சொன்னேன். நீங்கள் நம்பாவிட்டால் என்ன என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குள் அவள் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு கையாலாகாதவனாக நான் நின்றதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுகூட இல்லை.

அப்போதுதான் ஒரு விஷயம் நினைவில் தட்டியது. ஒரு செப்டெம்பரில் அவளுடைய தங்கச்சி கால் வீங்கி, மலைப் பாதையின் வளைவொன்றில் இருந்துவிட்டாள். என் மனைவி அவள் தலையில் கை வைத்து, உன்னுடையதை நான் எடுக்கிறேன் என்று மலையம்மாவிடம் உரத்துச் சொல்லி, அவளுக்கும் சேர்த்துத் தான் நடந்தாள். தங்கச்சி இருந்த இடத்திலேயே தண்ணீர் குடித்தாள். வீட்டு ஆள் ஏற்றுக்கொண்டால் நேர்த்தி முறியாது. அன்றைக்கு அதற்கும் நான் சிரித்திருந்தேன்.

படியில் முழங்காலில் நின்றேன். அவள் தலையில் கை வைத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தவளுக்கு உடனே விளங்கிவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டி, ஒரு கையைப் புல்லிலிருந்து எடுத்து என் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள். எனக்காக வைத்ததை நானே சுமப்பதாவது என்பது அவள் நியாயம். அப்படி ஒரு விதி இருக்கிறதோ இல்லையோ, யோசிக்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

"அம்மா, இவ வைச்சதை நான் எடுக்கிறன்" என்று சத்தமாகச் சொன்னேன். "மிச்சத்தை நான் நடக்கிறன். இவ தண்ணி குடிச்சு இறங்கட்டும்."

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. போத்தலைத் திறந்து அவள் வாயில் வைத்தேன். சற்று நேரம் உதடு மூடியே இருந்தது. பிறகு திறந்தது. நாடியால் வழிய வழியக் குடித்தாள். மற்றக் கையும் புல்லை விட்டது. சுமைகாரர் அவளைப் போர்வையில் தூக்கி முதுகில் கட்டினார். பாதை வளைந்து மறையும் வரை அவள் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

வழிகாட்டி என்னிடம், நீங்களும் கீழேதானே போக வேண்டும் என்றாள். நான் தாண்டுவேன் என்று சொன்னதால்தான் அவள் இறங்கினாள், நான் தாண்ட வேண்டும் என்றேன். சிறிது யோசித்துவிட்டு, நரைத்த தலையோடு இருந்த ஒரு சுமைகாரரை என்னுடன் விட்டாள். உச்சியைத் தொட்டுவிட்டு அவருடன் உடனே திரும்பி இறங்குங்கள் என்று சொல்லிவிட்டு, மற்றவர்களுடன் முன்னே ஏறினாள்.

அந்தக் கடைசி ஏற்றத்தைப்போல் ஒன்றை நான் நடந்ததில்லை. பத்துப் பன்னிரண்டு படி ஏறினால் நிற்க வேண்டும். நின்றால் நெஞ்சு காதுக்குள் அடிக்கும். வாய் உலர்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. என் போத்தல் முதுகுப்பையில் இருந்தது. குடித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவள் கீழே. கூட வருபவருக்கு என் பாஷை தெரியாது. நானோ நம்பாதவன். இத்தனை நியாயமும் இருந்தும் கை போத்தலுக்குப் போகவில்லை. குடித்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற நினைப்பு உள்ளே வந்து குந்திவிட்டது. அதை எழுப்ப என்னால் முடியவில்லை. நான் பயந்தேன். சின்னப் பிள்ளைபோல் பயந்தேன்.

அவள் வறண்ட வாயோடு பெல்லெக்ரினோ ஏறிய வருடங்களை நினைத்துக்கொண்டே நடந்தேன். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காக நான் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலில் நாள்கணக்கில் வரிசையில் நின்ற வருடம். போர் நடந்த வன்னியில் என் தம்பி என்ன ஆனான் என்று தெரியாமலிருந்த வருடம். பிள்ளைக்குக் காய்ச்சல் விடாமலிருந்த வருடம். ஏணியிலிருந்து நான் இறங்கி விழுந்த வருடம். எதற்கு ஏறுகிறாள் என்று நான் ஒருமுறையும் மனதார யோசித்துப் பார்க்கவில்லை. பகிடிதான் விட்டேன்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. மேகம் காலடியில் ஓடியது. எனக்கு முன் ஏறியிருந்த பலேர்மோக்காரர்கள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக்கடைச் சின்யோரா என்னைக் கண்டதும் தன் போத்தலைத் திறந்து நீட்டினார். தாண்டியாயிற்று, நேர்த்தி முடிந்தது, இனிக் குடிக்கலாம். வழிகாட்டியின் ரேடியோவில் கீழேயிருந்து ஏதாவது செய்தி வந்ததா என்று கேட்டேன். மலை மறைக்கிறது, இரைச்சல்தான் வருகிறது என்றாள். நான் போத்தலை வாய்வரை கொண்டுபோய், குடிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். அப்போது மனதுக்குள் ஒன்று சொன்னேன். யாரிடமும் சொல்லவில்லை. அது சொல்லக் கூடாதது.

மற்றவர்கள் அந்தப் பக்கம் இறங்கினார்கள். படத்தில் பார்த்த நகரத்தை அவர்கள் நாலாம் நாள் கண்டார்களாம். நான் வந்த பக்கம் திரும்பினேன். அந்த நகரத்தை இன்றுவரை கண்டதில்லை.

இறக்கத்தில் ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். முழங்கால் கழன்று விழும்போல் இருந்தது. மரங்கள் தொடங்கும் இடத்துக்கு வந்தபோது இடது தோள் இறுகியது. ஏணியில் நின்றபோது இறுகிய அதே மாதிரி. படியில் இருந்துவிட்டேன். நரைத்தலைக்காரர் தன் தண்ணீரை நீட்டினார். வேண்டாம் என்று கையால் காட்டினேன். அவர் கோபமாக ஏதோ சொன்னார். டொக்டர் தந்திருந்த குளிகையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தேன். அதற்குத் தண்ணீர் தேவையில்லை, அந்த மட்டில் தப்பினேன். வாயில் ஈரமே இல்லாததால் அது கரைய நேரம் எடுத்தது. இங்கே செத்தால் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள் என்ற எண்ணம்தான் அப்போது ஓடியது. மெல்ல மெல்லத் தோள் இளகியது. எழும்பி, இந்த முறை ஓடாமல் நடந்தேன்.

முதல் நாள் தங்கிய ஊரை அடைந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஒரு கல் வீட்டின் முன்னால் உதவி வழிகாட்டி நின்றார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. கதவுக்குள் குனிந்து போனேன். மர வாங்கு ஒன்றில், போர்வைகளுக்குள், மூக்கில் ஒட்சிசன் குழாயோடு அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். பக்கத்தில் ஒரு கோப்பையில் பாதி குடித்த தேத்தண்ணி இருந்தது. நான் மெல்லக் கிட்டப் போனேன். காலடிச் சத்தத்துக்கு அவள் கண்ணைத் திறந்தாள்.

"தாண்டினீங்களோ?" என்று கேட்டாள். நாக்குக் குழறவில்லை.

"ஓம்."

நிம்மதியாக மூச்சு விட்டவள், பிறகு என் வாயைப் பார்த்தாள். உற்றுப் பார்த்தாள். இந்த விஷயத்தில் அவளை ஏமாற்ற ஒருவராலும் முடியாது. தாண்டின ஆளுக்கு ஏன் வாய் இப்படி வெடித்துக் கிடக்கிறது என்று கேட்டாள். நான் கையால் வாயை மறைத்தேன். அவள் எழும்பி இருந்தாள். மூக்குக் குழாயை இழுத்து எறிந்தாள்.

"எனக்கு நேர்த்தி வைக்க உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை" என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே கோப்பையை எடுத்து என் வாயில் வைத்தாள். ஆறிப்போன அந்தத் தேத்தண்ணியை நான் ஒரே மூச்சில் குடித்தேன். குடித்து முடித்ததும் என் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாள். நல்லாய் வலித்தது. அந்த அடியில் இருந்த பலத்தைக் கண்ட பிறகுதான் அவள் பிழைத்துவிட்டாள் என்று நம்பினேன்.